அப்பா கட்டிய குரோஷா பெல்ட்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். ரிசப்ஷனில் பெண்ணின் சிநேகிதி ஒருத்தி பட்டுப் புடவைக்கு மேலே இடுப்பில் அகலமாக ஒரு பட்டை கட்டிக்கொண்டு நின்றாள். கிட்டப் போய்ப் பார்த்தால் குரோஷா! கையால் பின்னியதாம். உள்ளே ஏதோ பிளாஸ்டிக் பட்டி வைத்து, துவளாமல் விறைப்பாக நிற்கும்படி செய்திருந்தார்கள். “இதுதான் மாமி இப்போ ஃபேஷன்” என்றாள். “எறும்பு வருமா?” என்று கேட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் வயதுக்காரர்கள் நீங்கள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் உட்கார வைத்து முழுக்கச் சொல்லியிருப்பேன்.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதும், பிறகு ஒவ்வொரு குடும்பமாக அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம், சர்க்கரைக்கு ரேஷன், ரேஷன் அரிசியில் கல். நாங்கள் மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ.

அப்பா ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். ஊரோடு சேர்ந்து நாங்களும் ஓடியதில் அவருக்கு உள்ளூர ஒரு வெட்கம். திரும்பி வந்த கையோடு எங்கள் வட்டாரத்துக்கு ஏ.ஆர்.பி. வார்டனாகச் சேர்ந்துவிட்டார். ஆகாயத்திலிருந்து குண்டு விழுந்தால் தெரு ஜனங்களைக் காப்பாற்றுகிற உத்தியோகம். சம்பளம் கிடையாது, காக்கி நிஜார், காக்கிச் சட்டை, தகரத் தொப்பி, விசில் உண்டு. தெரு நாயைக்கூட அதட்டியறியாத மனிதர், விசில் கைக்கு வந்ததும் அம்மாவையே விசிலடித்துக் கூப்பிட்டார். ஒரு தடவைதான். அம்மா விசிலைப் பிடுங்கி உளுத்தம்பருப்பு டின்னுக்குள் போட்டு மூடிவிட்டாள்.

எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். அவளைக் கட்டிய அத்திம்பேர் ரிஷிகேசம் போய் ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர், வரவில்லை. பெஜவாடா ஸ்டேஷனில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். காசியில் தாடியோடு பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். வருவார், வருவார் என்று சொல்லிக்கொண்டே வருஷங்கள் போயின. யாரோ நம்மிடம் கொடுத்துவிட்டுப் போன சாமானை, வந்து கேட்கும்வரை பத்திரமாக வைத்திருப்போமே, அப்படித்தான் அத்தையை வைத்திருந்தார்கள். அவளைத் திட்ட மாட்டார்கள், வேலை வாங்க மாட்டார்கள், எதற்கும் அபிப்பிராயம் கேட்கவும் மாட்டார்கள்.

அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா இருந்தார். சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுப்பவர். மாதா கோயில் பீடத்துக்கு விரிக்கிற லேஸ் விரிப்பெல்லாம் அவர் கைவேலைதான். அவரிடம் அத்தை குரோஷா கற்றுக்கொண்டாள். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அசையாமல் இருந்த ஒரு பொருளும் தப்பவில்லை. கிராமபோனுக்கு உறை, கூஜாவுக்கு உறை, சுவர்க் கடிகாரத்துக்குப் பாவாடை, அப்பாவின் பொடி டப்பிக்குச் சட்டை. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து நகராமல் கிடந்தபோது அத்தை நூலும் ஊசியுமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்கும் அளவெடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று அழுதுவிட்டேன்.

“பாவம், மனசை மறக்கறதுக்குப் பின்னிண்டிருக்கா” என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். இப்போது யோசித்தால் எனக்குக் கோபமாகக்கூட வருகிறது. அத்தை எதையும் மறக்கப் பின்னவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி ராவும் பகலும் உழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த ஒருவர் கண்ணுக்கும் அது படிப்பாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் டீச்சரம்மாவே வந்து அப்பாவிடம் பேசினார். “எங்க ஸ்கூல்ல இன்னொரு தையல் டீச்சர் வேணும்னு மதர் தேடிக்கினு இருக்காங்க சார். உங்க தங்கச்சி கை மாதிரி சுத்தமான கை எங்கேயும் கிடைக்காது. அனுப்புங்க.” அப்பா அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னார். பிறகு தினம் ஒரு காரணம் சொன்னார். சாந்தோமில் உப்புக் காற்று, அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது. மழை வந்தால் குடை கிடையாது. கன்னியாஸ்திரிகள் இங்கிலீஷில் திட்டினால் இவளுக்கு என்ன புரியும்? நம்மாத்தில் சாப்பாட்டுக்கா குறைச்சல்? அத்தை கேட்டுக்கொண்டே பின்னினாள்.

இந்த நேரத்தில்தான் பெல்ட் வந்தது.

வட்டார வார்டன்களையெல்லாம் ஒரு வெள்ளைக்கார துரை பார்வையிடப்போகிறார், பரேடு நடக்கும் என்று உத்தரவு. அதற்காக ஆளுக்கொரு தோல் பெல்ட் கொடுத்தார்கள். அப்பா அதைச் செத்த பாம்பைத் தூக்குகிற மாதிரி ஒரு குச்சியில் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா வாசலிலேயே மறித்துவிட்டாள். பெல்ட் செருப்புகளுக்குப் பக்கத்தில் வெளியே கிடந்தது.

“காலுக்குத் தோல் செருப்பு போட்டுக்கறேளே அண்ணா?” என்றாள் அத்தை.

“கால் வேற, அரை வேற. பூணூல் எங்க வரைக்கும் தொங்கறது? அரை வரைக்கும். மாட்டுத் தோல் அதுல உரசிண்டே இருக்கணுமா?”

“மிருதங்கமும் தோல்தானே? சபாவுல அதை மடியில வெச்சுண்டு வாசிக்கறாளே?”

“அது வாத்தியம்டி! பெல்ட்டை யார் வாசிக்கறா?”

அப்பா மேலதிகாரியைப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். காக்கி நிறத்தில் ஏதோ ஒரு பெல்ட் அரையில் இருந்தால் போதும், கட்டாமல் வந்தால் வரிசையில் நிற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

“நான் பின்னித் தரேன்” என்றாள் அத்தை.

“நூல்லயா? பரேடு நடுவுல அவிழ்ந்து நிஜார் கீழ விழுந்தா என் மானம் என்னடி ஆறது?”

“அவிழாம இருந்தா?”

“அவிழாம இருந்தா நீ என்ன கேட்டாலும் சரி.”

“ஸ்கூல் வேலைக்குப் போவேன்.”

அப்பாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வார்த்தை வாயைவிட்டு வந்தாயிற்று. அம்மாவும் கேட்டுக்கொண்டு நின்றாள். “பரேடு முடியற வரைக்கும் அவிழப்படாது. அவிழ்ந்துதோ, அப்புறம் ஸ்கூல் பேச்சே எடுக்கப்படாது” என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

அத்தை அந்தப் பெல்ட்டைப் பின்னினதை நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். கூஜா உறைக்குப் போடுகிற பூவேலை ஒன்றும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நெருக்கி நெருக்கிப் போட்ட பின்னல். ஊசி உள்ளே போக மறுத்துக் கிறீச்சிடும். ஒரே அளவில் இரண்டு பட்டைகள் பின்னி, முதுகோடு முதுகு வைத்துச் சேர்த்தாள். நடுவில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழாய் மாதிரி விட்டு, அவற்றில் ஈர்க்குச்சியைச் சீவிச் செருகினாள். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஆகாது என்று அம்மா சொன்னதால் பின்கட்டுத் தென்னையிலிருந்து பச்சை ஓலை வெட்டி உரித்தோம். நூல் வெள்ளை, வேண்டியது காக்கி. இரண்டாம் டிகாக்ஷனில் ஒரு நாள் ஊறப்போட்டாள். அருமையான காக்கி வந்தது. வீடு முழுக்கக் காபி வாசனை, குடிக்கத்தான் காபி இல்லை.

பக்கிள் வேண்டும். சர்க்கார் பெல்ட்டிலிருந்து கழற்றலாம் என்று அம்மா சொன்னாள். சர்க்கார் சொத்தில் கை வைக்கக்கூடாது என்று அப்பா பதறினார். கடைசியில் தெருமுனையில் ஜட்கா ஓட்டுகிற சாயபுவைக் கேட்டோம். பழைய சேணத்திலிருந்து ஒரு பித்தளை பக்கிளைக் கழற்றிக் கொடுத்தார். “இன்னா அய்ரே, குதிரை கட்டிக்கினு இருந்த பக்கிள் ஆவும், மாட்டுத் தோல் ஆவாதா? நல்லா கீது உங்க கணக்கு!” என்று சிரித்தார். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்து, தணலில் காட்டி, மறுபடி புளி போட்டுத் தேய்த்தாள். குதிரையின் தோஷம் போய்விட்டது என்று தீர்மானமாயிற்று.

கடைசியில் விறைப்பு ஏற்ற வேண்டும். அத்தை கஞ்சிச் சட்டியைத் தூக்கினபோதுதான் அடுத்த வெடி. கஞ்சி என்றால் வெந்த சாதத்துத் தண்ணீர். அது பத்து. எங்கள் வீட்டில் சோற்றுப் பானையைத் தொட்ட கையைக்கூடக் கழுவிவிட்டுத்தான் அடுத்த சாமானைத் தொட வேண்டும். பத்தைப் பூணூல் மேல் கட்டிக்கொள்ளலாமா? கூடாது. மைதாப் பசை? அதுவும் வெந்தது, அதுவும் பத்து. தச்சன் ஒட்டுகிற வஜ்ரம்? அது எலும்பைக் காய்ச்சியது. பேச்சையே எடுக்காதே என்றார் அப்பா. பரேடுக்கு இரண்டே நாள் இருந்தது. பெல்ட் குழைந்துபோய்த் தரையில் கிடந்தது, அத்தை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

டீச்சரம்மாவிடம் ஓடினோம். “பத்துன்னா என்னம்மா?” என்று கேட்டார். அத்தை சொன்னாள். டீச்சரம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். “அட சேசுவே! நாங்க லேஸ் பூக்கூடையெல்லாம் சர்க்கரைப் பாகுல முக்கித்தான் நிக்க வைக்கிறோம். பலகை மாதிரி ஆயிடும். சர்க்கரைக்கும் பத்து உண்டா?”

சர்க்கரைக்குப் பத்து கிடையாது. பாகுக்கும் கிடையாது, சுவாமிக்கே நைவேத்தியம் பண்ணுகிறோமே! அத்தை அங்கேயே சிரித்துவிட்டாள். நான் அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

அந்தத் தடவை ரேஷனில் கிடைத்த சர்க்கரை முழுக்கப் பெல்ட்டுக்குப் போயிற்று. அம்மா முணுமுணுத்துக்கொண்டே பாகு காய்ச்சினாள். பழக்கதோஷத்தில் ஏலக்காய் வேறு தட்டிப் போட்டுவிட்டாள். பெல்ட்டை முக்கி, ஒரு கவிழ்த்த அண்டாவைச் சுற்றிக் கட்டி, வெயிலில் காயவைத்தார்கள். காய்ந்ததும் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. காபி, சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் ஆயிற்று, பால் ஒன்றுதான் பாக்கி. எறும்பு வராமல் தண்ணீர்த் தாம்பாளத்தின் நடுவே மணை போட்டு அதன்மேல் வைத்தோம். எறும்பு வரவில்லை. வீட்டில் வரவில்லை.

பரேடு அபிராமபுரத்தில். இப்போதைய அபிராமபுரத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் பாதிக்குமேல் தோப்பு. ஒரு மாந்தோப்பு ஓரத்தில் மைதானம். சாயபுவின் ஜட்காவில் அப்பா, அம்மா, அத்தை, நான் எல்லோரும் போனோம். அப்பாவால் ஜட்காவுக்குள் குனிந்து ஏறவே முடியவில்லை, பெல்ட் விடவில்லை. அவரைச் சாய்த்து, நீளவாக்கில் உள்ளே தள்ளினார்கள்.

துரை வரத் தாமதம். நல்ல வெயில். வார்டன்கள் வாடிப்போய்விடுவார்கள் என்று யாரோ புண்ணியவான் வரிசையை அப்படியே மாமர நிழலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். மாமரத்தில் முசுறு, அந்தச் சிவப்புக் கடியெறும்பு, இருக்கும் என்பது மயிலாப்பூரிலிருந்து வந்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் ஈக்கள். அப்புறம் அப்பாவின் வேர்வையில் பெல்ட் மினுமினுக்க ஆரம்பித்தது. நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். கிளையிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கி, அடிமரத்து வழியாகத் தரைக்கு வந்து, மற்ற வார்டன்களின் பூட்ஸை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு நேரே அப்பாவிடம் போனதை நான்தான் முதலில் பார்த்தேன். “அத்தை, எறும்பு” என்றேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து துரையின் கார் வந்து நின்றது. “அட்டென்ஷன்!” என்று கத்தினார்கள்.

முசுறு கடித்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பா அசையவில்லை. முகம் மட்டும் சிவந்தது, பிறகு நீலம் பாரித்தது. மீசை தனியாகத் துடித்தது. துரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தார். அப்பா எதிரில் வந்தபோது அப்பாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. துரை நின்றுவிட்டார். ராஜவிசுவாசம் இப்படிப் பொங்கி வழிந்து அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு பெல்ட்டைப் பார்த்து, இது என்ன என்று இங்கிலீஷில் கேட்டார்.

“ஹோம் மேட், சார்!” என்று அப்பா அலறினார்.

துரை பாராட்டாக ஒரு விரலால் பெல்ட்டைத் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்து அதைப் பார்த்தார், முகர்ந்தார். ஏலக்காய் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. அடுத்த கணம் “ஆ!” என்று துள்ளிக் கையை உதறினார். பரேடு அதோடு சீக்கிரமாக முடிந்தது.

“டிஸ்மிஸ்” என்ற வார்த்தை பாதி வருவதற்குள் அப்பா ஓடினார். தகரத் தொப்பி ஒரு பக்கம் உருண்டது. தோப்புக்குள் கிணற்றை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தார். நாங்களும் சாயபுவும் பின்னால் ஓடினோம். அப்பா இரண்டு கையாலும் பக்கிளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அது பாகில் இறுகிப்போய் அசைவேனா என்றது.

“கொஞ்சம் ஊறு நைனா, சர்க்கரை கரைஞ்சிடும்” என்றார் சாயபு.

அத்தை மூச்சு வாங்கத் தொட்டி ஓரத்தில் வந்து நின்றாள். ஐயோ, கடித்துவிட்டதா என்று ஒரு வார்த்தை? அதுதான் இல்லை. “அண்ணா, அவிழலையே?” என்றாள்.

“அவிழலைடி! அவிழவே மாட்டேங்கறது!” என்று அப்பா கத்தியது மைதானம் முழுக்கக் கேட்டது. சாட்சிக்கு அத்தனை வார்டன்களும் இருந்தார்கள்.

வீட்டில் அப்பா கூடத்தில் குப்புறப் படுத்திருந்தார். அரையைச் சுற்றி அச்சடித்த மாதிரி ஒரு சிவப்புப் பட்டை. அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவுகிற கை சிரிப்பை அடக்கி அடக்கிக் குலுங்கியது. அத்தை எதிரே உட்கார்ந்திருந்தாள். கையில் நூல் இல்லை, ஊசி இல்லை.

“திங்கக்கிழமைலேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன் அண்ணா.”

“அவிழலை, சரி. கடிச்சுதே!”

“கடிக்கப்படாதுன்னு நீங்க சொல்லலையே.”

அம்மாவால் அதற்கு மேல் தாங்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்பா தலையணையில் முகத்தை வைத்தபடியே உப்புக் காற்று என்றார். “காத்துக்கென்ன, நல்ல காத்து” என்றாள் அம்மா. குடை என்றார். “என்னோடது இருக்கு, எடுத்துண்டு போகட்டும்” என்றாள். அப்புறம் அப்பா தலையணையில் இன்னும் ஆழமாக முகத்தைப் புதைத்துக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

“நாளைக்கு மாப்பிள்ளை திரும்பி வந்து, என் ஆம்படையா எங்கேன்னு கேட்டா, நான் என்னடி பதில் சொல்லுவேன்?”

அந்தக் குரல் எனக்குப் புதிது. விசிலடித்தவர் குரல் இல்லை அது. உப்புக் காற்றும் குடையும் கன்னியாஸ்திரிகளும் வெறும் சாக்கு. அவருக்கு உள்ளே இருந்த பயம் இதுதான். அத்தை வேலைக்குப் போனால், அத்திம்பேர் இனி வரமாட்டார் என்று இந்த வீடே ஒப்புக்கொண்ட மாதிரி. அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை அழுதுவிடுவாள் என்று நான் பயந்தேன். அழவில்லை.

“வந்தா உள்ள கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கோ அண்ணா. ஸ்கூல் விட்டதும் வந்துடுவேன்” என்றாள்.

அத்தை திங்கட்கிழமை போனாள். தலை நரைத்து ஓய்வு கொடுக்கும்வரை போனாள். அத்திம்பேர் வரவே இல்லை. வந்திருந்தால், உட்கார்ந்திருக்கத்தான் வேண்டியிருந்திருக்கும்.